தி கோல்டன் காம்பஸ்: படத்தில் காணாமல் போனது எது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. 2007-இல் வந்த ‘தி கோல்டன் காம்பஸ்’ படத்தை வீட்டில் எல்லோரும் பார்த்தீர்கள், பிடித்திருந்தது. அப்புறம் இணையத்தில் தேடினால், மதத்துக்கு எதிரான படம் என்று ஒரு கூட்டம் திட்டுகிறது. மதத்துக்குப் பயந்து நாவலைக் கொன்றுவிட்டார்கள் என்று இன்னொரு கூட்டம் திட்டுகிறது. யார் சொல்வது சரி, பதினொரு வயது மகளுக்கு நாவலை வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். எனக்குப் பட்டவரை உங்கள் உண்மையான கேள்வி இதுதான்: நமக்குப் பிடித்த ஒரு படத்தை ஊரே மோசம் என்று சொல்லும்போது, அவர்கள் எதை வைத்து அளக்கிறார்கள்?

நான் இலக்கியப் பேராசிரியர் இல்லை. பத்தொன்பது வருடமாகப் படத்தொகுப்பு வேலையில் இருக்கிறேன். கதை எங்கே வெட்டுப்பட்டது, வெட்டிய இடத்தை எப்படி ஒட்டினார்கள் என்பது ஓரளவு கண்ணில் படும். இறையியல் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, அதனால் அந்தப் பக்கத்தில் நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கதையின் முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. படம் மட்டும் பார்த்தவர் என்றால் உங்களுக்கு அந்த முடிவு தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஃபிலிப் புல்மனின் நாவல் பிரிட்டனில் 1995-இல் ‘நார்தர்ன் லைட்ஸ்’ என்ற பெயரில் வந்தது. அமெரிக்கப் பதிப்புக்குத்தான் ‘தி கோல்டன் காம்பஸ்’ என்று பெயர். அந்தப் பெயரே ஒரு குழப்பத்தில் பிறந்தது. மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தில் கடவுள் உலகத்தின் எல்லையை வரைய எடுக்கும் பொன் கவராயத்தைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. அமெரிக்கப் பதிப்பகத்தார் அதைக் கதாநாயகியான சிறுமி லைராவின் கையில் இருக்கும் அலேதியோமீட்டர், அதாவது கேட்ட கேள்விக்கு உண்மையைக் காட்டும் கருவி, என்று எடுத்துக்கொண்டார்கள். நாவல் அந்த ஆண்டுக்கான, பிரிட்டனில் சிறுவர் நூல்களுக்குத் தரும் கார்னகி பதக்கத்தை வாங்கியது. 2007-இல், அதாவது படம் வந்த அதே ஆண்டில், எழுபது வருட கார்னகி நூல்களில் சிறந்தது எது என்று வாசகர்களிடம் வாக்கெடுத்தபோதும் அதுவே முதலிடம் பிடித்தது. மூன்று பாகத் தொடரில் இது முதல் பாகம்.

ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் செய்வது பட்டியல் போடுவது. இந்தக் காட்சி இல்லை, அந்தப் பாத்திரத்தின் பெயரை மாற்றிவிட்டார்கள், கரடி ராஜாவின் பெயர் நாவலில் யோஃபுர் ராக்னிசன், படத்தில் ராக்னார் ஸ்டர்லூசன், இப்படி. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏறக்குறைய நானூறு பக்க நாவலை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான படமாக்கினால் பாதிக்கு மேல் போகத்தான் செய்யும். யோஃபுர், லைராவுக்குத் துணையாக வரும் கரடியான யோரிக் என்று காதில் ஒன்றுபோல் விழும் இரண்டு பெயர்களில் ஒன்றை மாற்றியது சரியான முடிவு, நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். போன காட்சி கதையில் எந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டிருந்தது, இப்போது அந்தச் சுமையை யார் தாங்குகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு இடத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். கதையில் ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு டீமன் உண்டு. அவன் ஆன்மாவே ஒரு விலங்கின் உருவத்தில் கூடவே நடமாடும். கடத்தப்பட்ட குழந்தைகளை வடக்கே போல்வாங்கர் என்ற இடத்துக்குக் கொண்டுபோய், அவர்களை டீமனிடமிருந்து வெட்டிப் பிரிக்கிறார்கள். நாவலில் அப்படி வெட்டப்பட்ட டோனி மக்காரியோஸ் என்ற சிறுவனை, மீன் உலர்த்தும் ஒரு குடிசையில் லைரா கண்டுபிடிக்கிறாள். அவன் ஒரு காய்ந்த மீனை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். டீமன் இருந்த இடத்தில் எதையாவது வைத்துக்கொள்ள வேண்டுமே. தன் டீமனான ராட்டர் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவனைக் கூட்டி வருகிறாள், இரவில் இறந்துபோகிறான். விடிந்து அவள் பார்க்கும்போது கையில் மீன் இல்லை. யாரோ ஒருவர் அதை எடுத்து நாய்களுக்குப் போட்டுவிட்டார். லைராவுக்கு வரும் கோபம் இருக்கிறதே, நாவல் முழுக்க அவ்வளவு நேரான கோபம் வேறெங்கும் இல்லை. தன் பையிலிருந்து ஒரு தங்கக் காசை எடுத்து, கத்தி முனையால் அதில் ராட்டர் என்று கீறி, பையனின் வாயில் வைக்கிறாள்.

அந்தக் காசு திடீரென்று முளைத்தது இல்லை. மூன்றாவது அத்தியாயத்தில், ஆக்ஸ்ஃபோர்டின் ஜோர்டன் கல்லூரி நிலவறையில், செத்துப்போன அறிஞர்களின் மண்டையோட்டுக்குள் அவரவர் டீமனின் உருவம் பொறித்த வில்லைகள் கிடக்கும். லைரா அங்கே சேட்டையாக அவற்றை இடம் மாற்றி வைத்துவிட்டு, ராத்திரி பேய்களுக்குப் பயந்து நடுங்குவாள். அன்றைக்கு விளையாட்டாகச் செய்ததை, பனிக்காட்டில் முன்பின் தெரியாத ஒரு பையனுக்காக உண்மையாகச் செய்கிறாள். அவள் வளர்ந்துவிட்டாள் என்று புல்மன் ஒரு வரிகூட எழுதவில்லை. காசு சொல்லிவிடுகிறது.

படத்தில் அந்த இடத்தில் இருப்பது டோனி இல்லை, பில்லி கோஸ்டா. லைராவுக்கு முன்பே தெரிந்த, தாய் கூடவே தேடி வந்திருக்கிற பையன். பாத்திரங்களைக் குறைக்க இருவரை ஒருவராக்குவது எல்லோரும் செய்கிற வேலைதான், தப்பில்லை. ஆனால் மீன் இல்லை, காசு இல்லை. பையன் சாவதும் இல்லை. தாயின் மடியில் சேர்ந்துவிடுகிறான், கதை அடுத்த சண்டைக்குப் போய்விடுகிறது. டீமனை வெட்டினால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் படம் தரும் பதில், பையன் வெளிறிப்போய் நடுங்குவான் என்பது மட்டும்தான்.

இதே மாதிரி இன்னொன்று, முதல் காட்சியிலேயே. நாவலில் லைராவின் அப்பாவான ஆஸ்ரியல் பிரபுவின் மதுவில் விஷம் கலப்பவர் ஜோர்டன் கல்லூரியின் தலைவர். நல்ல மனிதர், லைரா மேல் பாசம் உள்ளவர். இன்னும் பெரிய கேடு வரும் என்று பயந்து கொலைக்குத் துணிகிறார். நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்திருந்து லைரா அதைப் பார்க்கிறாள். பின்னால் அதே மனிதர்தான் அவளுக்கு அலேதியோமீட்டரைக் கொடுக்கிறார், அவரை நம்பலாமா என்று அவளுக்குப் புரியவில்லை. படத்தில் விஷம் கலப்பவர், அந்த உலகத்தில் அதிகாரம் செலுத்தும் மாஜிஸ்டீரியம் என்ற அமைப்பிலிருந்து வந்த அதிகாரி. முடிந்தது கதை. நல்லவர் நல்லவராகவும் கெட்டவர் கெட்டவராகவும் பத்தாவது நிமிடத்திலேயே பிரிந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்புறம் முடிவு. படம் எப்படி முடிந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். போல்வாங்கரில் வெற்றி, பலூனில் லைராவும் நண்பன் ரோஜரும் ஆஸ்ரியலைத் தேடி வடக்கே போகிறார்கள், எல்லாவற்றையும் சரி செய்துவிடலாம் என்ற நம்பிக்கை. நாவலில் இதற்கு மேல் மூன்று அத்தியாயம் இருக்கிறது. லைரா அப்பாவின் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். ஆஸ்ரியல் அவளைப் பார்த்ததும் அரண்டுபோகிறார், உன்னை நான் அழைக்கவில்லையே என்கிறார். பின்னால் நிற்கும் ரோஜரைப் பார்த்ததும் முகம் அமைதியாகிறது. முதல் தடவை படிக்கும்போது அந்த அமைதியின் அர்த்தம் நமக்குத் தெரியாது. வேறொரு உலகத்துக்கு வழி திறக்க அவருக்குப் பெரும் ஆற்றல் வேண்டும். ஒரு குழந்தையை டீமனிடமிருந்து வெட்டும்போது அது வெளிப்படும். சொந்த மகளுக்கு அதைச் செய்ய மனம் வராது, இன்னொரு பையன் வந்துவிட்டான். ரோஜர் சாகிறான். அவனைக் காப்பாற்றத்தான் லைரா இவ்வளவு தூரம் வந்தாள். அவளேதான் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கல்லூரித் தலைவர் இரண்டாம் அத்தியாயத்திலேயே சொல்லியிருப்பார்: இவள் பெரிய துரோகம் ஒன்றைச் செய்வாள், செய்வது அவளுக்கே தெரியாது.

இந்தக் கடைசிப் பகுதி படமாக்கப்பட்டது, பின்னர் நீக்கப்பட்டது. இது வதந்தி இல்லை. முதல் படம் நம்பிக்கையோடு முடியட்டும், இதை இரண்டாம் படத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது அப்போது சொன்ன காரணம். இரண்டாம் படம் வரவே இல்லை. இயக்குநர் கிறிஸ் வைட்ஸ் பிற்காலப் பேட்டிகளில், நினைத்ததையெல்லாம் எடுக்க முடிந்தது, ஆனால் தொகுப்பு தன் கையை விட்டுப் போய்விட்டது என்று வருத்தப்பட்டிருக்கிறார்.

என் மேசையில் இதே கதை சின்ன அளவில் ஒருமுறை நடந்தது. ஒரு குறுநாவலை வைத்து எடுத்த படம், கடைசியில் பாட்டி இறந்துவிடுவாள். தயாரிப்பாளர் வந்து உட்கார்ந்து, ‘ஆஸ்பத்திரிக்குக் கிளம்புற ஷாட்டோட நிறுத்திடுங்க சார், ஜனங்க சிரிச்சிக்கிட்டே எந்திரிச்சுப் போகட்டும்’ என்றார். நிறுத்தினோம். போட்டுப் பார்த்தால், அதற்கு முந்தைய நாற்பது நிமிடம் எதற்காக இருக்கிறது என்றே தெரியவில்லை. பேரன் பாட்டியிடம் பொய் சொல்லும் காட்சி சும்மா நின்றது. முடிவை வெட்டினால் முடிவோடு போகாது, அதை நோக்கிச் சாய்ந்திருந்த ஒவ்வொரு காட்சியும் சாய்ந்தபடியே நிற்கும், சாய்வதற்குச் சுவர் இருக்காது. ‘கோல்டன் காம்பஸ்’ படம் பல இடங்களில் அப்படித்தான் தெரிகிறது.

வரிசையையும் மாற்றியிருக்கிறார்கள். நாவலில் முதலில் போல்வாங்கர், பிறகு ஸ்வால்பார்டில் கரடிகளின் சண்டை, கடைசியில் ஆஸ்ரியல். படத்தில் கரடிச் சண்டை முன்னால், போல்வாங்கர் பின்னால். கரடிச் சண்டை மாதிரி கணினி வரைகலையால் ஆன காட்சிகளைத் தொகுப்பு மேசையில் இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது, எனவே இது திரைக்கதையிலேயே முடிவானதாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். விளைவு என்ன என்றால், நாவலில் பயணம் போகப்போக லைரா தனியாகிக்கொண்டே போவாள். படகு மக்கள் போவார்கள், பலூன்காரர் போவார், கடைசியில் ஒரு பனிப்பாலம் வரும், கரடியின் எடையை அது தாங்காது, யோரிக் அங்கேயே நின்றுவிடும். அவள் தனியாகக் கடந்து போய்த்தான் ரோஜரின் சாவைப் பார்ப்பாள். படத்திலும் அந்தப் பனிப்பாலம் உண்டு, பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அது போல்வாங்கருக்குப் போகிற வழியில் வருகிறது, கொஞ்ச நேரத்தில் யோரிக் சண்டைக்கு வந்து சேர்ந்துகொள்கிறது. பாலம் அப்படியே இருக்கிறது, அது பிரித்து வைத்ததுதான் இல்லை.

மத விவகாரத்துக்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. 2007 அக்டோபரில் அமெரிக்காவின் கத்தோலிக் லீக் அமைப்பு, அதன் தலைவர் பில் டோனஹியூ தலைமையில், படத்தைப் புறக்கணிக்கச் சொன்னது. படத்தில் மத எதிர்ப்பு நீர்த்துப்போயிருக்கிறது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். படம் தூண்டில், அதைப் பார்த்த பிள்ளைகள் புத்தகத்தை வாங்கிவிடுவார்கள் என்பதுதான் அவர்கள் வாதம். அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் பேரவையின் திரைவிமர்சனப் பிரிவு படத்தைப் பாராட்டி எழுதியது, பிறகு அந்த விமர்சனம் திரும்பப் பெறப்பட்டது. மறுபக்கம், பிரிட்டனின் தேசிய மதச்சார்பற்ற சங்கம் படம் பயந்து பல்லைப் பிடுங்கிக்கொண்டது என்று குறைபட்டது. நாவலில் மாஜிஸ்டீரியம் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் திருச்சபை. கால்வின் போப்பாகிப் போப்பாண்டவர் பீடத்தை ஜெனீவாவுக்கு மாற்றிய ஒரு மாற்று வரலாறு அதற்குப் பின்னால் உண்டு. டஸ்ட் என்ற துகளைத் திருச்சபை ஆதிபாவத்தோடு இணைக்கிறது, ஆஸ்ரியல் மகளுக்கு ஆதியாகமத்தையே வாசித்துக் காட்டுகிறார். படத்தில் அது பொத்தாம்பொதுவான ஒரு சர்வாதிகார அமைப்பு. திருச்சபை என்ற சொல் இல்லை.

இது நஷ்டமா? நஷ்டம்தான். திருச்சபையை எடுத்துவிட்டால் குழந்தைகளை ஏன் வெட்டுகிறார்கள் என்பதற்குக் காரணம் மங்கிவிடுகிறது. பாவம் பருவ வயதில் வந்து ஒட்டிக்கொள்கிறது, அதற்கு முன்பே வெட்டிவிட்டால் பிள்ளை பாவமில்லாமல் இருக்கும் என்று அவர்கள் மனமார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் நாவலில் பயமுறுத்துவது. ஆனால் இரண்டு பக்கமும் சண்டை போட்டது ஒரு சொல்லைப் பற்றி. அந்தச் சொல்லை அப்படியே வைத்திருந்தாலும், மேலே சொன்ன விஷக் கோப்பையும் மீனும் ரோஜரும் போயிருந்தால் படம் இதே படமாகத்தான் இருந்திருக்கும். நல்லவர் கொலைக்குத் துணியவில்லை, வெட்டப்பட்ட பையன் சாகவில்லை, கதாநாயகி நண்பனைப் பலிகொடுக்கவில்லை. யார் கையிலும் கறை படாமல் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அதுதான் பெரிய குறை.

எதிர்ப்பால்தான் படம் தோற்றது என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் உண்டு. செலவு சுமார் 18 கோடி டாலர். அமெரிக்காவில் வசூல் சுமார் 7 கோடி, உலகம் முழுக்கச் சேர்த்து 37 கோடிக்கு மேல். வெளிநாட்டில் ஓடியது, அமெரிக்காவில் படுத்தது. பணம் திரட்ட, படத்தைத் தயாரித்த நியூ லைன் நிறுவனம் வெளிநாட்டு உரிமைகளை முன்கூட்டியே விற்றிருந்ததால், ஓடிய இடத்துப் பணம் அதற்குப் பெரிதாகச் சேரவில்லை. 2008 தொடக்கத்தில் நியூ லைன் வார்னர் பிரதர்ஸுக்குள் கரைந்துபோனது. அமெரிக்காவில் படுத்ததற்குப் புறக்கணிப்பு எவ்வளவு காரணம், படம் சுமாராக இருந்தது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. சொல்கிறவர்கள் தங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்கிறார்கள்.

உங்களுக்குப் பிடித்திருந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படத்தில் நல்லவை நிறைய. கரடிகளின் எடையை உணர முடிகிறது, காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கரைச் சும்மா கொடுக்கவில்லை. லைராவாக வந்த டகோட்டா ப்ளூ ரிச்சர்ட்ஸ் பொய் சொல்லும்போது கண்ணில் ஒரு திருட்டுச் சந்தோஷம் தெரியும், அது அசல் லைரா. குழந்தைகளைக் கடத்தும் கூட்டத்தை நடத்தும் திருமதி கோல்ட்டராக வரும் நிக்கோல் கிட்மன் ஓரிடத்தில் தன் டீமனான தங்கக் குரங்கை அறைந்துவிட்டு, உடனே அள்ளி அணைத்துக்கொள்வார். குரங்கு அவளுடைய ஆன்மா என்று நினைத்துப் பார்த்தால், தன்னையே அறைந்துகொள்கிற ஒருத்தி. நாவலின் கோல்ட்டர் கருங்கூந்தல்காரி. கிட்மனைப் பார்த்த பிறகு, தான் எழுதியதுதான் தப்பு, அவள் பொன்னிறக் கூந்தல்காரிதான் என்று புல்மனே சொன்னார். ஒரு நடிகைக்கு இதைவிட என்ன வேண்டும்.

இன்னும் பார்க்க விருப்பம் என்றால், பிபிசியும் ஹெச்பிஓவும் சேர்ந்து 2019 முதல் 2022 வரை மூன்று சீசனாக எடுத்த தொடர் இருக்கிறது. ரோஜரின் முடிவை அது மழுப்பவில்லை. ஆனால் கூட்டம் வரும் காட்சிகளில் பாதிப் பேருக்கு டீமனே கண்ணில் படாது. ஆன்மா கூடவே நடமாடும் உலகம் என்ற உணர்வு படத்தில்தான் அதிகம் என்பேன்.

மகளுக்குப் புத்தகத்தைக் கொடுங்கள். பதினொரு வயது லைராவின் வயதேதான். மதம் பற்றிய விவாதம் முதல் பாகத்தில் அவளுக்குப் பெரிதாகப் படாது. மூன்றாம் பாகத்தில்தான் அது முன்னால் வருகிறது, அதற்குள் உங்களிடம் கேட்க அவளுக்கே கேள்விகள் இருக்கும். படத்தைப் பார்த்துவிட்டதால் ரோஜர் பிழைத்துக்கொள்வான் என்று நம்பிக்கொண்டு படிப்பாள், அது ஒன்றுதான் எனக்குக் கவலை. கடைசி மூன்று அத்தியாயத்தைப் படிக்கும்போது வீட்டில் யாராவது பக்கத்தில் இருங்கள். அப்புறம், 12-ஆம் அத்தியாயத்தைத் தொட்டால் 13-இன் தொடக்கத்தில் காசு வரும் இடம் வரைக்கும் போய்விடச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்திவிட்டு அவளால் தூங்க முடியாது.